இங்கதானே இருந்துச்சு

இது நடந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் பாதி படித்துவிட்டு, "உனக்குத் தூக்கம் போதவில்லை, அதான்" என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி வரை குறட்டை விட்டுத் தூங்கியவள் நான். சாட்சி வேண்டுமென்றால் என் வீட்டுக்காரரையே கூப்பிடுகிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, வெள்ளைப் புடவை என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவீர்கள். இது பட்டப்பகலில் நடந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நான் ஓடவில்லை. அதையும் இப்போதே எழுதிவைக்கிறேன்.

என் வேலை திரை வரைவது. சினிமாத் திரை இல்லை. ஒரு மெஷினில் தொடுதிரை இருந்தால், அதில் எந்த பட்டன் எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், தொட்டால் என்ன ஆக வேண்டும் என்று தீர்மானிக்கிற வேலை. கேட்பதற்கு உப்புப் பெறாத வேலையாகத் தெரியும். என் அண்ணன் இன்றுவரை என்னை "பட்டன் தைக்கிறவ" என்றுதான் சொல்கிறான்.

அந்த வருடம் எங்கள் கையில் இருந்தது குளிர்கிடங்குக் கதவு. உள்ளே மைனஸ் இருபது டிகிரி. கதவு ஒரு ஜாண் கனம், மோட்டாரில்தான் நகரும். உள்பக்கச் சுவரில் எங்கள் திரை இருக்கும். வெளியே வர வேண்டும் என்றால் அதைத் தொட்டுத்தான் திறக்க வேண்டும். அவசரத்துக்கென்று கையால் தள்ளும் கம்பி ஒன்றும் உண்டு. ஆனால் அது பனியில் இறுகிப்போவது வாடிக்கை. அதனால் உள்ளே இருப்பவரின் கை முதலில் திரைக்குத்தான் போகும்.

பழைய திரையில் கீழ் ஓரத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, மஞ்சள் நிறத்தில் ஒரே ஒரு பட்டன். 'கதவைத் திற'. எட்டு வருடமாக அது அங்கேயே இருந்தது. இரண்டு கையிலும் பெட்டி இருந்தால் முழங்கையால் இடித்துத் திறக்கலாம். பார்க்காமலே அடிக்கலாம்.

அதை எடுக்கச் சொன்னவர் எங்கள் மேலாளர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அழகு. ஆளைப் பார்த்து வைத்ததில்லை. எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் "அழகா இல்லையே" என்பார், அதனால் வைத்தது.

"அந்த மஞ்சப் பட்டன் கண்ண உறுத்துது. தூக்கி மேல மெனுவுக்குள்ள போட்டுடு."

"சார், அது வெளிய வர்ற பட்டன்."

"மெனுவத் தொட்டா வரப்போகுது. ரெண்டு தட்டு. என்ன குறைஞ்சுபோச்சு?"

"கிளவுஸ் போட்ட கை சார். குளிர்ல வெடவெடன்னு ஆடுற கை."

"பெட்டி இடிச்சு கதவு சும்மா சும்மா திறந்துக்குதுன்னு புகார் வருதும்மா. டெஸ்ட் வை. யாராவது திணறினா அப்புறம் பேசலாம்."

டெஸ்ட் வைத்தோம். ஐந்து பேரை அவரே அனுப்பினார். கணக்குப் பிரிவில் இரண்டு பேர், வரவேற்பில் உட்காரும் பெண், இன்னும் இரண்டு பேர். எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, வெறுங்கையோடு வந்து, வெதுவெதுப்பான அறையில் நின்று, நிதானமாகத் தேடி, மெனுவைக் கண்டுபிடித்துக் கதவைத் திறந்தார்கள். ஐந்துக்கு ஐந்து. குளிர்கிடங்குத் திரையைக் குளிராத அறையில், குளிர் என்றால் என்னவென்றே தெரியாத ஆட்களை வைத்துச் சோதித்தோம். இந்தக் கூத்து எங்கள் தொழிலில் மட்டும்தான் நடக்கும். நிஜமான கிடங்குக்குப் போய்ச் சோதிக்க வேண்டும் என்று கத்திப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

திங்கட்கிழமை காலை புதிய திரை நாற்பது கிடங்குகளுக்கும் போவதாக முடிவானது. பாக்கி இருந்தது என் ஒப்புதல் ஒன்றுதான். 'சோதித்தாயிற்று, யாரும் திணறவில்லை' என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு எழுதக் கை வரவில்லை. எழுதாமல் இருக்க ஆதாரமும் இல்லை.

அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை ஆபீசுக்குப் போனேன். கனமான கிளவுஸ் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போனேன். நானே போட்டுக்கொண்டு, நானே திணறி, அதைப் பதிவு செய்து அழகுவின் மேஜையில் வைப்பது என்று திட்டம்.

எங்கள் சோதனை அறைக்கு ஜன்னல் கிடையாது. பொய்ச் சுவர் ஒன்று இருக்கும், பலகையில் செய்தது. அதில் நெஞ்சு உயரத்தில் திரையை மாட்டியிருப்போம். மேலே கேமரா, மைக். பக்கத்தில் இன்னொரு சின்ன அறை. அங்கே உட்கார்ந்தால் ஒருபக்கக் கண்ணாடி வழியாக உள்ளே இருப்பவரைப் பார்க்கலாம், அவருக்கு நாம் தெரியமாட்டோம். அங்கே உள்ள கம்ப்யூட்டரில் அந்தத் திரை அப்படியே தெரியும். அவர் எங்கே தொட்டாலும் அங்கே ஒரு சிவப்புப் புள்ளி விழும்.

அங்கே மாட்டியிருந்த திரையில் கீறல் விழுந்ததால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஆபீசில் திரை மாட்டும் ஃபிட்டர் அண்ணன் வேறொன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போயிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஏசி ஓடாது. எனக்கு வேர்த்து ஊற்றியது. கிளவுஸை மேஜைமேல் வைத்துவிட்டு, திரையின் சட்டத்தைத் துடைக்கலாம் என்று தொட்டேன்.

ஜில்லென்று இருந்தது.

இரும்பு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் புழுக்கத்தில் இரும்பு ஏன் ஜில்லென்று இருக்க வேண்டும் என்று யோசிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, ரெக்கார்டிங்கைப் போடுவதற்காகப் பக்கத்து அறைக்கு வந்தேன். போட்டேன். அப்போது அம்மா போன் செய்தார்.

"ஏண்டி, இந்த போன்ல அப்டேட்டு அப்டேட்டுன்னு வந்துச்சு. போட்டுத் தொலைச்சேன். இப்ப உங்க அண்ணனக் கூப்பிடற பட்டனக் காணோம்."

"மேல பாரும்மா. மூணு புள்ளி இருக்கும்."

"மூணு புள்ளி யாருக்கு வேணும்? பச்சையா ஒண்ணு இங்கதானே இருந்துச்சு!"

சிரிப்பு வந்தது. ஊருக்கெல்லாம் திரை வரைகிறவளின் அம்மாவுக்கு போனில் ஒரு பட்டனைத் தேடத் தெரியவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள், எங்கள் வீட்டில் அது தலைகீழ்.

"பழகிடும்மா," என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

டொக்.

நிமிர்ந்தேன்.

டொக். டொக்.

கம்ப்யூட்டரில் மூன்று சிவப்புப் புள்ளிகள். நேரம் 3:12. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அறை காலி.

புள்ளிகள் விழுந்திருந்தது கீழ் ஓரத்தில். இப்போது அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் சாம்பல் நிறம்தான். மஞ்சள் பட்டன் இருந்த இடம் அது.

திரை கெட்டுப்போனால் புள்ளிகள் தானாக விழும். அது எனக்குத் தெரியும். ஆனால் அப்படி விழும் புள்ளிகள் தாறுமாறாகச் சிதறும். இவை சிதறவில்லை. மூன்று தட்டு. ஓர் இடைவெளி. மறுபடி மூன்று தட்டு. வேலை செய்யாத பட்டனை மனிதர்கள் அப்படித்தான் தட்டுவார்கள். மூன்று தடவை தட்டுவார்கள், ஒரு மூச்சு விடுவார்கள், மறுபடி தட்டுவார்கள். பத்து வருடமாக நான் உட்கார்ந்து பார்த்தது அதைத்தான்.

யாரோ விளையாடுகிறார்கள் என்று கோபம் வந்தது. எழுந்து போய்ச் சோதனை அறைக் கதவைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் பார்த்தேன். பொய்ச் சுவரின் பின்னால் பார்த்தேன். யாரும் இல்லை. திரையின் பின்னால் இரண்டு ஒயர். ஒன்று படத்துக்கு, ஒன்று தொடுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல. இரண்டாவதைப் பிடுங்கி எறிந்தேன். இனி அந்தத் திரையை யார் தொட்டாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். 3:19.

டொக். டொக். டொக்.

மூன்று புள்ளிகள்.

ஒயர் தரையில் கிடந்தது. இங்கிருந்தே எனக்குத் தெரிந்தது.

புள்ளிகளின் வடிவம் மாறிக்கொண்டு வந்தது. முதலில் வட்டமாக இருந்தவை இப்போது கீழ்நோக்கி இழுபட்டு நீண்டிருந்தன. விரல் வழுக்கினால் அப்படி விழும். தரையில் உட்கார்ந்துகொண்டு, கையைத் தூக்கி, எட்டாத ஒன்றை எட்டுகிறவரின் விரல் அப்படித்தான் வழுக்கும்.

இடைவெளிகளும் நீண்டுகொண்டே போயின...

பயந்தேனா? பயந்தேன். கார்ச் சாவி பையில்தான் இருந்தது, வாசல் இருபது அடியில் இருந்தது. ஆனால் பயத்துக்கு மேலே எனக்குக் கோபம் வந்தது. இது என் திரை. இதில் கதவு திறக்காமல் யாரோ தவிக்கிறார்கள். என் திரையில் தவிக்கிறவர் யாராக இருந்தாலும், அவருக்கு உடம்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், எனக்கு அவர் டெஸ்டுக்கு வந்தவர்.

எழுந்து போனேன். உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அறை இப்போது குளிர்ந்திருந்தது. என் மூச்சு புகையாக வந்தது. திரைமேல் ஆவி படிந்திருந்தது. அதன் கீழ் ஓரத்தில் நான்கு விரல் தடங்கள், மேலிருந்து கீழாக வழுக்கிய தடங்கள்.

மேஜைமேல் ஒரு கிளவுஸ்தான் இருந்தது. இடது கை.

வலது கை கிளவுஸ் திரைக்கு நேர் கீழே, தரையில் கிடந்தது.

எங்கள் தொழிலில் டெஸ்டுக்கு வருகிறவரிடம் முதலில் சொல்ல வேண்டியது என்று சில வார்த்தைகள் உண்டு. ஆயிரம் தடவை சொன்ன வார்த்தைகள். அதைச் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் முழுசாகச் சொன்னேன்.

"வணக்கம். இன்னைக்கு நாம சோதிக்கப்போறது இந்தத் திரையத்தான். உங்கள இல்ல. இங்க நீங்க தப்பே பண்ண முடியாது. ஏதாவது வரலைன்னா அது எங்க தப்பு. மனசுல என்ன ஓடுதோ அத வாய்விட்டுச் சொல்லுங்க."

தட்டல் நின்றது.

யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க வெளிய போகணும். எப்படிப் போவீங்க?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது.

டொக்...

டொக்...

அப்புறம் குரல். ஆண் குரல். பல் கிட்டித்த குரல். நெஞ்சு உயரத்திலிருந்து வரவில்லை. என் முழங்கால் உயரத்திலிருந்து வந்தது.

"இங்க... இங்கதானே இருந்துச்சு..."

எங்களுக்கு ஒரு விதி உண்டு. டெஸ்ட் நடக்கும்போது உதவக் கூடாது. வந்தவர் எவ்வளவு திணறினாலும் எங்கே தொட வேண்டும் என்று சொல்லக் கூடாது, கண்ணால்கூடக் காட்டக் கூடாது. இன்னும் சொல்லுங்கள் என்று மட்டும்தான் கேட்கலாம்.

"சொல்லுங்க," என்றேன். "வேற என்ன தோணுது?"



"பழகல..."

சற்று முன் அம்மாவிடம் நான் சொன்னதற்குப் பதில் என்று நினைத்தேன்.

"பழகல சார்..."

சாரா?

என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை.

அதற்கு மேல் விதியாவது மண்ணாவது. கதவை அறைந்து சாத்திவிட்டுப் பக்கத்து அறைக்கு ஓடினேன். ஓடினேன் என்று எழுதுகிறேன், ஆனால் வாசலுக்கு இல்லை, கம்ப்யூட்டருக்கு. டிசைனைத் திறந்தேன். கீழ் ஓரத்தில் பட்டனை வரைந்தேன். மஞ்சள். 'கதவைத் திற'.

டொக். புள்ளி பட்டனுக்கு அரை விரல் கீழே விழுந்தது.

அவர் கை நடுங்குகிறது. பட்டன் போதவில்லை. பெரிதாக்கினேன்.

டொக். ஓரத்தில் பட்டு வழுக்கியது.

"இருங்க," என்று கத்தினேன். "இருங்க, இருங்க."

திரையில் கால்வாசி. அப்புறம் பாதி. அழகு பார்த்தால் மயங்கி விழுந்திருப்பார். இதைவிட அசிங்கமான பட்டனை நான் என் வாழ்நாளில் வரைந்ததில்லை.

"இப்ப தட்டுங்க."

ஒன்றுமில்லை.

"தட்டுங்கய்யா!"

...

டொக்.

டிங்.

கதவு திறக்கும்போது வருவதற்காக நாங்கள் வைத்த மணிச் சத்தம் அது. பொய்ச் சுவரில் கதவே கிடையாது. அந்தத் திரை எந்தக் கதவோடும் இணைக்கப்படவில்லை.

ஆனால் சோதனை அறையின் நிஜக் கதவு, நான் சாத்திவிட்டு வந்த கதவு, மெதுவாக, முழுதாகத் திறந்தது.

என் கணுக்காலைத் தொட்டுக்கொண்டு குளிர் வெளியே போனது.

3:41.

அப்புறம் பழைய புழுக்கம்தான். வேர்த்தது. கொஞ்ச நேரம் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ரெக்கார்டிங்கைச் சேமித்தேன். ஒப்புதல் தர வேண்டிய இடத்தில் இப்படி எழுதினேன்: 'சோதனைக்கு வந்தவர்கள் ஆறு பேர். ஒருவரால் வெளியே வர முடியவில்லை. ஒப்புதல் இல்லை.'

மறுநாள் காலை ஃபிட்டர் அண்ணனை மாடிப்படியில் பிடித்தேன்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை மாட்டினீங்களே, அந்தத் திரை புதுசா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். படியில் மேலேயும் கீழேயும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"புதுசு இல்லம்மா. ஒரு கிடங்குலேர்ந்து கழட்டிக் கொண்டாந்தது. தொடச்சு வைங்கன்னாங்க."

"ஏன் கழட்டினாங்க?"

"ஒனக்குத் தெரியாதா? நீ வரைஞ்ச புதுத் திரைய ரெண்டு மாசம் முன்னாடியே அங்க வச்சுப் பாத்தாங்களே. சத்தமில்லாம. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, மத்தியான ஷிஃப்டுல ஒரே ஒரு ஆளு. எட்டு வருஷமா அங்க வேல பாத்தவரு. தள்ளுற கம்பி பனியில இறுகிக்கிச்சு. மாரடைப்புன்னு சொல்லி முடிச்சுட்டாங்க."

"எப்படிக் கிடந்தாராம்?" என்று கேட்டேன்.

"திரைக்குக் கீழ ஒக்காந்த மேனிக்கே இருந்தாராம்," என்றார் அவர். "வலது கை கிளவுஸ மட்டும் கழட்டியிருந்தாராம். தொட்டாத் தெரியலையேன்னு கழட்டியிருப்பாரு, பாவம்."

அன்று மீட்டிங்கில் ஏழு பேர் இருந்தோம். அழகு என் அறிக்கையைப் படித்துவிட்டுச் சிரித்தார். "அஞ்சு பேரத்தானே அனுப்பினேன். ஆறாவது ஆள் யாரும்மா?" ரெக்கார்டிங்கைப் போட்டேன். காலி அறை. தட்டல். குரல். ஏழு பேருக்கும் கேட்டது. எனக்கு மட்டும் கேட்ட குரல் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

புதிய திரை எங்கேயும் போகவில்லை. நாற்பது கிடங்குகளிலும் மஞ்சள் பட்டன் கீழேதான் இருக்கிறது, முன்பைவிடப் பெரிதாக. பெட்டி இடித்துக் கதவு திறந்துகொள்கிறது என்று இன்னும் புகார் வருகிறது. வரட்டும். ஃபிட்டர் அண்ணனும் நானும் அந்த மனிதரின் வீட்டுக்குப் போய் அது மாரடைப்பு இல்லை என்று சொன்னோம். வழக்கு நடக்கிறது. சாட்சி சொல்லப் போகக் கூடாது என்று எனக்கு ஆபீசிலிருந்து இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்கள். போவேன்.

ஒன்றுதான் பாக்கி. அன்று மீட்டிங் முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகும் அழகு எழுந்திருக்கவில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அந்தக் குரல் எனக்குத் தெரியும்," என்றார்.

"எப்படி சார்?"

"திரைய மாட்டின அன்னைக்கு நான்தான் போய்ச் சொல்லிக்குடுத்தேன். அந்த ஆளு கீழயே கைய வச்சு வச்சுத் தேடினாரு. இங்கதானே இருந்துச்சு சார்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் என் அறிக்கையை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"பழகிடும்னேன்."